கிசான் பணம் நின்றுபோனால் எங்கே போய்க் கேட்பது

தவணை விழுந்த மறுநாள் காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேராவது உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு மஞ்சள் பை. உள்ளே பாஸ்புக், ஆதார் ஜெராக்ஸ், சிட்டா நகல், எதற்கென்றே தெரியாத இரண்டு மூன்று ரசீதுகள். "பக்கத்து வீட்டுக்கு வந்துடுச்சும்மா, எனக்கு மட்டும் வரலை. என்னன்னு பாரு" என்பார்கள்.

நான் எந்த அலுவலகத்திலும் வேலை பார்க்கவில்லை. திருத்துறைப்பூண்டி பக்கம் எங்களுக்குச் சொந்தமாக மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர். கோயில் குத்தகையாக இன்னும் ஆறு மா. அம்மாவின் பணம் 2023 தொடக்கத்தில் நின்றுபோனது. அதைத் திரும்ப வரவைக்க ஒன்பது மாதம் அலைந்தேன். அதில் முதல் ஐந்து மாதம் தப்பான வாசல்களில் நின்றது. அந்த ஐந்து மாதத்தை மற்றவர்களுக்கு மிச்சப்படுத்த வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பி.எம். கிசான் என்பது மத்திய அரசு நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் திட்டம். 2,000 வீதம் மூன்று தவணை: ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் ஒன்று, ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குள் ஒன்று, டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் ஒன்று. 2019 பிப்ரவரியில் தொடங்கியபோது இரண்டு ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு மட்டும்தான் இருந்தது. அந்த ஆண்டு ஜூனிலிருந்து அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள்.

2,000 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்பவர்கள் உண்டு. டிஏபி உர மூட்டை 1,350 ரூபாய். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஒரு டிஏபியும் இரண்டு யூரியாவும் வாங்கினால் 2,000 ஏறக்குறைய முடிந்தது. ஆனால் சம்பாவுக்கு அடியுரம் போட வேண்டிய வாரத்தில் அந்தப் பணம் கையில் இருப்பதும், அதற்காகக் கடைக்காரரிடம் கடன் சொல்லி நிற்பதும் ஒன்றல்ல. இரண்டையும் பார்த்தவள் நான்.

சரி, பணம் வரவில்லை. முதலில் என்ன செய்வது? எங்கேயும் போகாதீர்கள். பேங்குக்கும் வேண்டாம், வி.ஏ.ஓ.விடமும் வேண்டாம். ஒரு ஸ்மார்ட்போனை எடுத்து பி.எம். கிசான் இணையதளத்தைத் திறந்து, 'நோ யுவர் ஸ்டேட்டஸ்' என்று இருப்பதை அழுத்துங்கள். பதிவு எண் கேட்கும். பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது. பக்கத்திலேயே பதிவு எண்ணைத் தெரிந்துகொள்ளும் வழி இருக்கிறது. போன் நம்பரோ ஆதார் எண்ணோ கொடுத்தால் ஓ.டி.பி. வரும், பதிவு எண் கிடைத்துவிடும். அதை பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதி வையுங்கள். துண்டுச் சீட்டில் எழுதியது அடுத்த தவணைக்குள் காணாமல் போய்விடும்.

உள்ளே போனதும் பெயர், ஊர் விவரங்களுக்குக் கீழே மூன்று வரிகளைப் பாருங்கள். இ-கேஒய்சி. லேண்ட் சீடிங். ஆதார் பேங்க் அக்கவுண்ட் சீடிங். மூன்றுக்கும் நேரே 'யெஸ்' அல்லது 'நோ' என்று இருக்கும். எந்த வரியில் 'நோ' இருக்கிறதோ அந்த வரிக்கான வாசல்தான் உங்களுடையது. என் அம்மாவுக்கு முதல் இரண்டிலும் 'நோ' இருந்தது, பேங்க் வரியில் 'யெஸ்'. அது தெரியாமல் நான் பேங்குக்கு நாலு தடவை போனேன். அவர்களும் ஒவ்வொரு தடவையும் "கணக்கு சரியாத்தாம்மா இருக்கு" என்றார்கள். உண்மையில் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

இ-கேஒய்சி என்பது இந்த ஆதார் எண்ணுக்கு உரியவர் நீங்கள்தான் என்று உறுதி செய்வது. ஆதாரோடு இணைந்த போன் கையில் இருந்தால் இணையதளத்திலேயே ஓ.டி.பி. போட்டு முடித்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. அந்தப் போன் நம்பர் பழையது, சிம் தொலைந்துவிட்டது என்றால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைக்க வேண்டும். எங்கள் அம்மாவிடம் இதுதான் சிக்கியது.

கருவியில் சிவப்பு வெளிச்சம் எரியும். அதன்மேல் அம்மா விரலை வைப்பார். "இன்னும் அழுத்துங்கம்மா" என்பார் மையத்தில் இருந்த தம்பி. அழுத்துவார். ஏற்கவில்லை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஆள்காட்டி விரல், நடுவிரல், மற்ற கையின் கட்டைவிரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். நாற்பது வருடம் நாற்றுப் பறித்து நடவு நட்ட கை. விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். மூன்று நாள் இடைவெளி விட்டு இரண்டாம் முறை போனோம், அப்போதும் எடுக்கவில்லை. வரும் வழியில் அம்மா தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குத் தொண்டை அடைத்தது.

2023 ஜூனில் முகத்தைக் காட்டி இ-கேஒய்சி முடிக்கும் வசதி பி.எம். கிசான் செயலியில் வந்தது. அம்மாவுக்குக் கைகொடுத்தது அதுதான். கைரேகை விழாதவர்கள் நேரே இதற்குப் போய்விடுங்கள். செயலியோடு ஆதார் முக அடையாளத்துக்கான துணைச் செயலி ஒன்றையும் ப்ளே ஸ்டோரில் இறக்க வேண்டும். வீட்டுக்குள் மங்கலான இடத்தில் எடுக்கவே எடுக்காது. காலை எட்டு மணி வாக்கில் திண்ணையில், வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, முந்தானையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, போனை முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். அம்மா இரண்டு முறை சிமிட்டினார், பச்சை வட்டம் வந்தது, முடிந்தது. தனக்கு முடித்தவர் அதே செயலியில் மற்றவர்களுக்கும், நூறு பேர் வரை, முடித்துத் தரலாம். படிக்கிற பிள்ளை ஒருவர் மனது வைத்தால் ஒரு தெருவே முடிந்துவிடும்.

அடுத்து பேங்க் வரி. இங்கே ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பேங்கில் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்திருப்பது வேறு, உங்கள் ஆதாருக்கு வரும் அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும் என்று என்.பி.சி.ஐ. (பேங்குகளுக்கு இடையே பணம் போய்வருவதை நடத்தும் அமைப்பு) பதிவில் ஏற்றியிருப்பது, அதாவது 'சீடிங்', வேறு. முன்பு நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்கு எண்ணுக்குப் பணம் போனது. 2023லிருந்து ஆதாரோடு எந்தக் கணக்கு சீடிங் ஆகியிருக்கிறதோ அதற்குத்தான் போகிறது. இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக எதில் ஏற்றினார்களோ அதில் விழும். தெற்குத் தெரு அத்தை ஒருவர் ஒரு வருடமாகப் பணம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். நூறு நாள் வேலைக்காகத் திறந்த பழைய கணக்கில் 6,000 ரூபாய் அப்படியே இருந்தது. அந்த பாஸ்புக்கை அரிசிப் பானைக்கு அடியிலிருந்து எடுத்துவந்தார்.

எந்தக் கணக்கு என்பதை ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் பார்க்கலாம். எதிலுமே ஏறவில்லை என்றால் உங்கள் பேங்கில் அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, எழுதிக்கொடுத்துவிட்டுச் சில நாள் கழித்து மறுபடி பாருங்கள். பேங்குக்குப் போய்வருவதே சிரமம் என்றால் அஞ்சலகத்தின் பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கை தபால்காரரே திறந்து ஆதாரோடு சேர்த்துத் தருவார். வயதானவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன், பணம் எடுப்பதற்கும் அவரே வீட்டுக்கு வருவார்.

இனி லேண்ட் சீடிங். பொறுமையைச் சோதிக்கும் இடம் இது.

லேண்ட் சீடிங் என்றால் கிசான் பதிவில் உங்கள் பெயரும், உங்கள் பெயரில் உள்ள நிலமும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறதா என்பது. காகிதங்கள் வருவாய்த் துறையுடையவை, ஆனால் பதிவில் ஏற்றுகிறவர்கள் வேளாண்மைத் துறையினர். இதைத் தெரியாமல்தான் எல்லோரும் தாலுகா ஆபீஸுக்கும் வேளாண்மை ஆபீஸுக்கும் நடுவே பந்து மாதிரி உருள்கிறோம். உங்கள் ஊருக்கான உதவி வேளாண்மை அலுவலர் யாரென்று கேட்டு வையுங்கள், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் சொல்வார்கள். பட்டா அல்லது சிட்டா நகல், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், பதிவு எண் இந்த நாலையும் அவரிடம் கொடுத்தால் ஏற்றிவிடுவார். சிட்டாவை அரசின் நில ஆவண இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அதற்காகச் சிபாரிசு தேட வேண்டாம்.

காகிதங்களில் பெயர் ஒத்துப்போனால் கதை அத்தோடு முடிந்தது. ஒத்துப்போகாவிட்டால்?

அம்மாவின் பெயர் லெட்சுமி என்று முடியும். எங்கள் பக்கத்தில் லெட்சுமி என்றுதான் சொல்வோம், எழுதுவோம். பட்டாவில் லெட்சுமி. ஆதாரில் யாரோ லட்சுமி என்று ஏற்றியிருந்தார்கள். பட்டாவில் முன்னெழுத்து அப்பாவுடையது, ஆதாரில் தாத்தாவுடையது. ஒரு கொம்பும் ஒரு முன்னெழுத்தும் சேர்ந்து ஒரே மனுஷியை இரண்டு பேராக்கிவிட்டன. ஆதாரை மாற்றிவிடுங்கள், சுலபம் என்று நாலு பேர் சொன்னார்கள். நான் மாற்றவில்லை, நீங்களும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் திருத்த முடியும். அதோடு பேங்க், ரேஷன் கார்டு என்று எல்லாமே ஆதார் பெயரில் நிற்கும்போது அங்கே கை வைத்தால் இன்னும் நாலு இடத்தில் இடிக்கும். பட்டாவில் பெயர் திருத்தம் கேட்டு மனு கொடுங்கள். அது வரும் வரைக்கும் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று வி.ஏ.ஓ. எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தோடு வேளாண்மை அலுவலரைப் பாருங்கள். எங்களுக்கு அந்தக் கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். தாலுகாவில் வருஷம் ஒருமுறை நடக்கும் ஜமாபந்தியில், அதாவது வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்கும் கூட்டத்தில், மனு கொடுத்தும் பட்டாவைத் திருத்திக்கொள்ளலாம்.

அப்பா காலமாகி அவர் பெயரிலேயே பட்டா இருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. இவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்பாவின் கிசான் பதிவை அம்மா பெயருக்கோ மகன் பெயருக்கோ மாற்ற முடியாது. அவர் பதிவு அவரோடு முடிந்தது. இறப்புச் சான்று கைக்கு வந்ததும் வேளாண்மை அலுவலரிடம் சொல்லிவிடுங்கள். என் அப்பா 2021 ஆடியில் போனார். துக்கத்தில் யாரும் இதை நினைக்கவில்லை, அவர் கணக்கில் அதற்குப் பிறகும் இரண்டு தவணை விழுந்தது. அந்த 4,000 ரூபாயைத் திருப்பிக் கட்டினோம். இணையதளத்தில் பணத்தைத் திருப்பிச் செலுத்தவும் வழி இருக்கிறது. கட்டியதற்கான ரசீதை இன்றும் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வாரிசுச் சான்று, அதை வைத்துப் பட்டா மாறுதல், பிறகுதான் புதிய பதிவு. பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அண்ணன் தம்பி, கட்டிக்கொடுத்த பெண்கள் என்று எல்லா வாரிசுகளின் பெயரும் சேர்ந்து கூட்டுப் பட்டாவாக வந்தாலும் பரவாயில்லை, அவரவர் பங்கு எது என்பது தெரிந்தால் போதும். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குவதானால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். இதைக் காரியம் முடிந்த கையோடு ஆரம்பிப்பது மனதுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் ஆரம்பித்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், ஒருவர் பேச்சுவார்த்தையில் இருக்க மாட்டார்.

இந்தத் திட்டத்தில் 1.2.2019 என்ற தேதி முக்கியமானது. அன்றைக்கு நிலம் யார் பெயரில் இருந்ததோ அவருக்குத்தான் உரிமை. அதன்பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்குக் கிடையாது. உரியவர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்பா உயிரோடு இருக்கும்போதே மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதிவைத்தது இந்த விலக்கில் வராது.

குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான் என்பதும் விதி. கணவன், மனைவி, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். இருவர் பெயரிலும் தனித்தனியாகப் பட்டா இருந்தாலும் ஒருவருக்குத்தான். 2025இல் இப்படி இருவரும் வாங்குவதாகச் சந்தேகம் வந்த பதிவுகளை நேரில் சரிபார்க்கும்வரை நிறுத்திவைத்தார்கள். மூன்று வரியிலும் 'யெஸ்' இருந்தும் பணம் வராதவர்கள் அதே பக்கத்தில் தகுதி பற்றிய வரியையும் பாருங்கள், காரணம் அங்கே இருக்கும். வருமான வரி கட்டுகிறவர்கள், அரசுப் பணியில் இருக்கிறவர்கள், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், தொழில் செய்யும் டாக்டர், வக்கீல், இன்ஜினீயர் ஆகியோருக்கும் கிடையாது. கடைநிலை ஊழியர்களுக்கு மட்டும் விலக்கு. தகுதியில்லை என்று தெரிந்தால் நீங்களே எழுதிக்கொடுத்து விலகிவிடுங்கள், பின்னால் மொத்தமாகத் திருப்பிக் கேட்பார்கள். 2020இல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கமெல்லாம் நிலமே இல்லாதவர்களைப் பதிவில் சேர்த்துப் பணம் எடுத்த விவகாரம் வெளியே வந்து, சி.பி.சி.ஐ.டி. விசாரித்து, பணத்தைத் திரும்ப வசூலித்தார்கள். இன்றைக்கு நம்மைக் கேட்கிற இத்தனை சான்றுகளுக்கும் அதில் பங்கு உண்டு.

இப்போது விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் ஒன்றையும் கேட்கிறார்கள். பதினோரு இலக்கம். தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்திலிருந்து ஊர் ஊராக முகாம் வைத்துப் பதிந்தார்கள். ஆதார், ஆதாரோடு இணைந்த போன், சிட்டா இருந்தால் போதும். போன் கட்டாயம் கையில் இருக்க வேண்டும், ஓ.டி.பி. வரும். முகாமில் தவறவிட்டவர்கள் பொதுச் சேவை மையத்தில் பதியலாம். உங்கள் பெயரில் உள்ள எல்லா சர்வே எண்களையும் சேர்த்தார்களா என்று திரையைப் பார்த்துக் கேளுங்கள். ஒரு துண்டு நிலம் விட்டுப்போனால் பிறகு நாம்தான் அலைய வேண்டும்.

குத்தகை விவசாயிகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனமில்லை. எங்கள் மாவட்டத்தில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். மூன்று தலைமுறையாக அதே வயலில் நாற்று விட்டு, அதே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சி, கஜா புயலில் அதே வரப்பில் நின்று அழுதவர்களுக்குக் கிசான் பணம் கிடையாது. பட்டா அவர்கள் பெயரில் இல்லை. எங்கள் ஆறு மாவுக்கும் அப்படித்தான். இது நியாயமில்லை என்று குறைதீர் கூட்டத்தில் நான் எழுந்து சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். ஆனால் பணம் வரும் என்று சொல்லி யாராவது உங்களிடம் 500 ரூபாய் கேட்டால் கொடுத்து ஏமாறாதீர்கள். குத்தகைதாரருக்கு வேறு வழி பயிர்க் காப்பீடு. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டி வி.ஏ.ஓ. தரும் அடங்கல் இருந்தால் குத்தகை நிலத்துக்கும் போடலாம். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். அன்றைக்கு சர்வர் நகராது, அடங்கலுக்கும் கூட்டம் நெரியும். நடவு முடிந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் 'பி.எம். கிசான்' என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் தொடாதீர்கள். அதை இறக்கினால் போனில் வரும் ஓ.டி.பி. எல்லாம் திருடனுக்குப் போகும். செயலி வேண்டுமென்றால் ப்ளே ஸ்டோரில் மட்டும். போனில் யார் ஓ.டி.பி. கேட்டாலும், அதிகாரி என்றே சொன்னாலும், சொல்லாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும், அலுவலரைப் பார்த்தும் நகரவில்லை என்றால் 155261 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். லைன் கிடைக்கப் பொறுமை வேண்டும். அதைவிட எனக்கு நம்பிக்கை மாதந்தோறும் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில்தான். அங்கே வேளாண்மை, வருவாய் இரண்டு துறைக்காரர்களும் ஒரே கூடத்தில் இருப்பார்கள், "அங்கே போய்க் கேளுங்க" என்று ஒருவர் மற்றவரைக் கைகாட்ட முடியாது. மனுவை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பெயர், ஊர், பதிவு எண், கடைசியாக வந்த தவணையின் தேதி, எந்த வரியில் 'நோ' இருக்கிறது, எந்தத் தேதியில் யாரிடம் என்ன காகிதம் கொடுத்தீர்கள் என்பவை போதும். இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவின் மனுவில் முத்திரை விழுந்தது செப்டம்பரில். நவம்பர் 15 மாலையில் அம்மாவின் கணக்கில் பணம் ஏறியதாக என் போனில் செய்தி வந்தது. நின்றிருந்த தவணைகளும் பின்னாலேயே வந்துவிட்டன. அம்மா அப்போது வயலில் களை பறித்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று கூப்பிட்டுச் சொன்னேன். "மேலுரத்துக்கு ஆச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.